காலேஜ் மெயில் 96% ஃபுல்: மெயிலை அழிச்சா இடம் கிடைக்குமா?

கேள்வி / 2 ஜூன் 2025, காலை 9.15

சீனியர்ஸ் யாராவது சொல்லுங்க. தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசரா சேர்ந்து 4 வருஷம் ஆகுது. காலேஜ் மெயில் ஐடிக்கு ஆளுக்கு 10 ஜிபி தான்னு இந்த செமஸ்டர்ல லிமிட் போட்டுட்டாங்க. எனக்கு 96% காட்டுது. இன்பாக்ஸ்ல 14 ஆயிரம் மெயில் கிடந்துச்சு, மூணு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா பாத்து 3,500 அழிச்சேன், 95 ஆச்சு. அவ்ளோதான். மீதி எல்லாத்தையும் அழிச்சா சரியாயிடும்னு ரூம்மேட் சொல்றான். உண்மையா?

2 ஜூன், இரவு 10.40

ரூம்மேட் பேச்சைக் கேக்காதீங்க தம்பி. நீங்க எண்ணிக்கையை அழிக்கிறீங்க, எடையை அழிக்கல. வெறும் எழுத்து மட்டும் இருக்கிற மெயில் சாதாரணமா சில பத்து கேபி தான் வரும். 30 கேபின்னு வச்சுக்கிட்டா 3,500 மெயிலும் சேர்ந்து 105 எம்பி, அதாவது உங்க 10 ஜிபில 1%. உங்களுக்கு குறைஞ்சதும் அந்த 1% தானே. மூணு ராத்திரி தூக்கத்துக்கு 1%.

ஜிமெயில்ல மேல தேடற பெட்டி இருக்குல்ல, அதுல இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிங்க, ஒட்டி ஒரு கோலன், ஒட்டி 10, ஒட்டி கேபிடல் எம். நடுவுல ஸ்பேஸ் விடக்கூடாது. 10 எம்பிக்கு மேல இருக்கிற மெயில் மட்டும் வரிசையா வந்து நிக்கும். எனக்கு 17 வருஷ சர்வீஸ்ல இருக்கிற மெயில்ல அப்படி வந்தது 190 சொச்சம் தான், அந்த 190 தான் பாதிக்கு மேல இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதுல நிறைய நானே அனுப்பினது. சென்ட் மெயிலும் உங்க கணக்குல தான் ஏறும், யாரும் அந்தப் பக்கம் போய் பாக்கறதே இல்ல.

அழிச்சதும் பின்னுங்கற (குப்பைத்தொட்டி) ஃபோல்டருக்கு போய் அதையும் காலி பண்ணணும். இல்லன்னா 30 நாள் அங்கயே கிடக்கும், கிடக்கிற வரைக்கும் இடத்தையும் பிடிச்சுக்கும். வீட்டைப் பெருக்கி குப்பையை கதவுக்குப் பின்னாடி ஒதுக்கி வச்ச கதை தான்.

3 ஜூன், காலை 7.05

பால் பொங்கறதுக்குள்ள ஒரு திருத்தம். நேத்து நேரா மெயிலுக்கு போகச் சொல்லிட்டேன், தப்பு. முதல்ல ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எதுல எவ்ளோ போயிருக்குன்னு பாருங்க. அந்த 10 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவ், ஃபோட்டோஸ், மெயில் மூணுக்கும் சேர்த்து ஒரே பானை. என்னோடது இப்படி இருந்துச்சு: மெயில் 5.8, டிரைவ் 2.9, ஃபோட்டோஸ் 1.1. மொத்தம் 9.8. நானும் 98% ஆளு தான், ஏதோ கரையேறிட்டவ மாதிரி உங்களுக்கு உபதேசம் பண்ணிட்டிருக்கேன்.

ஃபோட்டோஸ் 1.1 எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா என் பையனோட ஸ்கூல் ஆண்டு விழா வீடியோ. ஃபோன்ல காலேஜ் ஐடியையும் சேர்த்து லாகின் பண்ணி வச்சிருந்தேன், பேக்கப் அந்த ஐடிக்கு ஓடியிருக்கு. அவன் வாழைப்பழ வேஷத்துல மேடையில தூங்கிட்டு நிக்கறது என் காலேஜ் சர்வர்ல பத்திரமா இருக்கு.

3 ஜூன், மதியம் 1.20

கீழ ஒருத்தர் "நானும் ஃபோட்டோஸ்ல 2019 படம் எல்லாம் அழிச்சேன், ஒரு எம்பி கூட குறையல, ஏமாத்து வேலை"ன்னு கோவமா கேட்டிருக்காரு. ஏமாத்து இல்ல சார். 2021 ஜூன் 1க்கு முன்னாடி ஹை குவாலிட்டின்னு இருந்த செட்டிங்ல ஏத்தின படங்களுக்கு இடக்கணக்கே கிடையாது. அதுக்கு அப்புறம் ஏத்தினது தான் கணக்குல வரும். நீங்க இலவசமா இருந்ததைப் போய் அழிச்சிருக்கீங்க. இன்னும் பின்ல இருந்தா ரெஸ்டோர் பண்ணிக்கோங்க, ஃபோட்டோஸ்ல பின் 60 நாள் வச்சிருக்கும்.

4 ஜூன், இரவு 11.10

இன்னிக்கு என்னோட பெரிய மெயில் 190ஐயும் ஒண்ணொண்ணா பாத்தேன். அழிக்கறதுக்கு இல்ல, என்னதான் இருக்குன்னு பாக்க. ஒரு விஷயம் புரிஞ்சுது, அதை எழுதிடறேன்.

எங்க காலேஜ்ல நாக் (காலேஜ்களை மதிப்பிட்டு கிரேடு கொடுக்கிற அமைப்பு) வேலையில கிரைட்டீரியன் 3, அதாவது மூணாவது பிரிவு, என் தலைல. ரிசர்ச், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதுல வரும். எக்ஸ்டென்ஷன்னா என்எஸ்எஸ் கேம்ப், ரத்ததானம், மரம் நடறது, கிராமத்துல விழிப்புணர்வு. ஒவ்வொண்ணுக்கும் ஜியோடேக் ஃபோட்டோ வேணும், அதாவது படத்து மேலயே இடம், தேதி, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அச்சாகி இருக்கணும். ஒரு படம் 4, 5 எம்பி. ஜிமெயில்ல ஒரு மெயிலுக்கு 25 எம்பி தான் அட்டாச்மென்ட், அதுக்கு மேல போனா தானா டிரைவ் லிங்கா மாத்திடும். லிங்க் அனுப்பினா "ஆக்சஸ் கேக்குது மேடம்"னு நாலு பேர் ஃபோன் பண்ணுவாங்க. அதனால நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3. ஒரு மரம் நட்டதுக்கு 60 எம்பி. மரம் இப்ப இருக்கான்னு கேக்காதீங்க.

அது கூட பரவால்ல. பிரின்சிபால் ஆபீஸ்ல இருந்து ஆல் ஸ்டாஃப் குரூப்புக்கு 18 எம்பி மெயில் ஒண்ணு வரும். அந்த குரூப்ல நானும் இருக்கேன். அதையே ஹெச்ஓடி டிபார்ட்மென்ட் குரூப்புக்கு "ஃபார் யுவர் இன்ஃபர்மேஷன்"னு ஃபார்வர்டு பண்ணுவாரு. டிபார்ட்மென்ட் கோஆர்டினேட்டர் அதையே மறுபடி "கைண்ட் ரிமைண்டர்". ஒரே ஃபைல் என்கிட்ட மூணு காப்பி, 54 எம்பி. எங்க காலேஜ்ல 210 ஸ்டாஃப், முதல் மெயில் மட்டுமே 210 பேர் பெட்டியிலயும் தனித்தனியா உக்காந்தா 3.78 ஜிபி. ஒரு சர்க்குலர்ங்க. ஒரு சர்க்குலர்.

ரிப்ளை பண்ணா அட்டாச்மென்ட் கூடவே போகாது, ஃபார்வர்டு பண்ணா போகும். "நோட்டட் சார்" மெயில் எத்தனை வந்தாலும் பாதகம் இல்ல, மனசுக்கு தான் பாதகம்.

ஸ்கேனரும் ஒரு காரணம். எங்க ஆபீஸ் ஸ்கேனர்ல யாரோ ஒரு காலத்துல 600 டிபிஐ கலர்னு வச்சிட்டுப் போயிருக்காங்க, அப்புறம் யாரும் அதைத் தொடல. கறுப்பு வெள்ளை ஒரு பக்க சர்க்குலர் 7 எம்பி வருது, சீல் மட்டும் ஊதா. நானே 200 டிபிஐ, கிரேஸ்கேல்னு மாத்தி ஒண்ணு எடுத்தேன், 300 கேபிக்குள்ள வந்துச்சு, படிக்க ஒரு குறையும் இல்ல. மறுநாள் பாத்தா பழையபடி 600. யாரோ "கிளியரா இல்ல"ன்னு மாத்திட்டாங்களாம்.

5 ஜூன், மாலை 6.30

தம்பி கேட்டது நல்ல கேள்வி: மெயில் வேணும், அட்டாச்மென்ட் மட்டும் வேண்டாம், அதை மட்டும் எடுத்துவிட முடியுமான்னு. ஜிமெயில்ல முடியாது. அழிச்சா முழு மெயிலும் போகும். தண்டர்பேர்டுன்னு ஒரு மெயில் சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், அதுல ஐமேப் (சர்வர்ல இருக்கிற மெயிலை வேற சாஃப்ட்வேர்ல இருந்து கையாள்ற வழி) வழியா காலேஜ் மெயிலை இணைச்சுட்டு அட்டாச்மென்ட் மேல ரைட் கிளிக் பண்ணா டெலீட்னே ஒரு ஆப்ஷன் வரும். மெயில் நிக்கும், ஃபைல் போயிடும். இப்ப 40 மெயில்ல பண்ணிட்டிருக்கேன். அருமையா இருக்கு.

6 ஜூன், காலை 6.50

நேத்து "அருமையா இருக்கு"ன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். காலைல பாத்தா என் மெயில் 5.8ல இருந்து 5.9 ஆயிருக்கு. 40 அட்டாச்மென்ட் அழிச்சு இடம் கூடியிருக்கு! உலகத்துல எனக்கு மட்டும் தான் இப்படி எல்லாம் நடக்கும்னு நினைச்சேன், அப்புறம் கொஞ்சம் தோண்டிப் பாத்ததுல காரணம் கிடைச்சுது. தண்டர்பேர்டு பழைய மெயிலைத் திறந்து உள்ள வெட்டறது இல்ல. ஃபைல் இல்லாத புது மெயில் ஒண்ணு செஞ்சு போட்டுட்டு பழசை அழிச்சுடும். ஐமேப்ல அழிச்சதை என்ன பண்ணணும்னு ஜிமெயில் செட்டிங்ல ஒரு இடம் இருக்கு, அதுல ஆர்கைவ் பண்ணுன்னு இருந்துச்சு, அப்படித்தான் வரும், நான் தான் மாத்தாம விட்டுட்டேன். அதனால பழசு அத்தனையும் ஆல் மெயில்ல உயிரோட இருக்கு, புதுசும் இருக்கு. செத்தவனும் எழுந்து பிள்ளையும் பிறந்த மாதிரி.

செய்யறதா இருந்தா முதல்ல அந்த செட்டிங்கை பின்னுக்கு அனுப்புன்னு மாத்திட்டு செய்யுங்க. எனக்கு பொறுமை போச்சு.

7 ஜூன், இரவு 9.30

சனிக்கிழமை, வீட்ல யாரும் இல்ல, முடிச்சுட்டேன்.

98%ல இருந்து 52%. லார்ஜர் 10 அடிச்சு, அப்புறம் 5 அடிச்சு, கூடவே ஓல்டர் அண்டர்ஸ்கோர் தேன், கோலன், 2, ஒய்னு போட்டா 2 வருஷத்துக்கு முந்தினது மட்டும் வரும். எல்லாத்தையும் டிக் பண்ணா அந்த ஒரு பக்கத்துல இருக்கிற 50 தான் செலக்ட் ஆகும், மேல சின்னதா ஒரு வரி வரும் பாருங்க, இந்தத் தேடல்ல வந்த எல்லாத்தையும் செலக்ட் பண்ணட்டுமான்னு, அதை அமுக்கணும். டெலீட். பின் காலி. பையன் வாழைப்பழ வீடியோவை என் சொந்த ஐடிக்கு மாத்திட்டேன். 4.6 ஜிபி.

பாயாசம் வைக்கலாமான்னு இருக்கு.

8 ஜூன், காலை

ஆர்கைவ் பட்டன் அமுக்கினா இடம் கிடைக்குமான்னு கேட்டவருக்கு: கிடைக்காது. இன்பாக்ஸ் கண்ணுல இருந்து மறையும், அவ்ளோதான். லேபிளை எடுத்தாலும் கிடைக்காது.

வேற ஒருத்தர் அனுப்பி டிரைவ்ல "ஷேர்டு வித் மீ"ல கிடக்கிறதை நீக்கினாலும் உங்களுக்கு ஒண்ணும் குறையாது, அது ஓனர் கணக்கு. அதே மாதிரி கூகுள் ஃபார்ம்ல ஃபைல் அப்லோடு வச்சு அசைன்மென்ட் வாங்கினீங்கன்னா பசங்க ஏத்தற ஒவ்வொண்ணும் ஃபார்ம் போட்ட உங்க டிரைவ்ல வந்து விழும். என் டிரைவ் 2.9ல பாதி அது தான். 2020, 21ல ஆன்லைன் கிளாஸ் நடந்தப்ப பசங்க நோட்டை ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து, பாய், போர்வை, பாட்டி கால் எல்லாம் தெரியற மாதிரி ஒரு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் ஏத்தினது. மார்க் போட்டாச்சு, அந்த பேட்ச் பாஸாகி வேலைக்கும் போயாச்சு.

11 ஜூன், இரவு 10.00

"ஏன் திடீர்னு 10 ஜிபி? முன்னாடி அன்லிமிடெட்னு தானே சொன்னாங்க, மேனேஜ்மென்ட் கஞ்சத்தனம்"னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. மேனேஜ்மென்ட் மேல எனக்கும் பாசம் கிடையாது, ஆனா இது அவங்க ஆரம்பிச்சது இல்ல. கல்வி நிறுவனங்களுக்கு இருந்த அன்லிமிடெட்டை நிறுத்தறோம்னு கூகுள் 2021 பிப்ரவரில சொல்லியாச்சு, ஏற்கெனவே இருக்கிற காலேஜ்களுக்கு 2022 ஜூலைல இருந்துன்னு. இப்ப முழு நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டிபி, எல்லாருக்கும் பொது. 100 டிபின்னா கிட்டத்தட்ட 1 லட்சம் ஜிபி. பெருசா தெரியும். 10 ஆயிரம் ஐடி இருந்தா ஆளுக்கு 10 ஜிபி, கணக்கு முடிஞ்சுது.

எங்க காலேஜ்ல படிக்கிறவங்க 10 ஆயிரம் இல்ல, பாதி கூட வராது. மீதி யாருன்னா பாஸாகிப் போனவங்க. 2015 பேட்ச் ஐடி கூட இன்னும் உயிரோட இருக்குன்னு சிஸ்டம் அட்மின் தம்பி சொல்றாரு. அழிக்கலாம்னா அலும்னை செல் வேண்டாம்ங்குது, அவங்களுக்கு மெயில் போகணுமாம். அந்த மெயிலை அவங்க திறந்து பாக்கறது இல்ல, அது வேற விஷயம். ஆக, என்னிக்கோ போன பசங்களோட ஃபைனல் இயர் புராஜெக்ட் டெமோ வீடியோக்காக நானும் நீங்களும் சர்க்குலரை அழிச்சிட்டிருக்கோம்.

எங்க ஹெச்ஓடி இதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சாரு, தன் டிரைவ்ல இருக்கிற பெரிய ஃபைல் எல்லாத்துக்கும் ஓனர்ஷிப்பை டிபார்ட்மென்ட் பொது ஐடிக்கு மாத்திட்டாரு. அவர் பெட்டி காலி. டிபார்ட்மென்ட் ஐடி ஃபுல். காலேஜ் மொத்தத்துல ஒரு எம்பி கூட மாறல. குப்பையை பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளறதுக்கு டாக்டரேட் தேவையில்ல.

15 ஜூன், ஞாயிறு

கொஞ்சம் வேற பக்கம் போறேன், பொறுத்துக்கோங்க. என் வீட்டுக்காரர் கம்பெனில அவுட்லுக். "எங்களுக்கு 50 ஜிபி, உன்ன மாதிரி 10க்கு அழறது இல்ல"ன்னு ரெண்டு வாரமா கிண்டல். நேத்து அவருக்கே வார்னிங் வந்துச்சு, எனக்கு மனசு குளிர்ந்துச்சு.

அவர் டெலீட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டரைத் திறந்தே பாத்ததில்ல. அதுல மட்டும் 11 ஜிபி. அவுட்லுக்ல அந்த ஃபோல்டர் தானா காலியாகும்னு நம்பி உக்காரக் கூடாது, கம்பெனில பாலிசி வச்சிருந்தா தான் ஆகும். காலி பண்ணின பிறகும் கூட ரெக்கவர் பண்ற இடத்துல சாதாரணமா 14 நாள் இருக்கும், அட்மின் நினைச்சா 30 வரைக்கும் நீட்டலாம், அது இந்த 50ல சேராது, தனிக் கணக்கு. கான்வர்சேஷன் கிளீன் அப்னு ஒரு பட்டன் அதுல இருக்கு, ரிப்ளைக்குள்ள ரிப்ளையா பழசு முழுக்க திரும்பத் திரும்ப ஒட்டிக்கிட்டு வர்ற மெயில்ல கடைசியை வச்சுட்டு மத்ததை எடுத்துடும். எங்க காலேஜ் ஆட்களுக்கு அந்த பட்டன் கொடுத்தா ஒண்ணுமே மிஞ்சாது.

இவரோட பழைய கதை ஒண்ணு. 2000த்துல இவர் வேலைக்கு சேர்ந்த புதுசுல மெயிலை எல்லாம் பிஎஸ்டி ஃபைலா கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுப்பாராம். அப்போதைய பிஎஸ்டிக்கு 2 ஜிபி தான் எல்லை, தாண்டினா திறக்காம போயிடும்னு தெரிஞ்சவங்க சொல்லியும் கேக்காம ஏத்திக்கிட்டே இருந்து, ஒரு நாள் திறக்கல. 3 வருஷ மெயில். அதுல நாங்க கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிக்கிட்டதும் இருந்துச்சு. "எங்கயாவது பிரின்ட் எடுத்து வச்சிருப்பேன்"னு இன்னும் சொல்லிட்டிருக்காரு. இல்ல.

30 ஜூன், திங்கள், மாலை 5.45

7ஆம் தேதி பாயாசம் வைக்கலாம்னு எழுதினேன்ல. நல்லவேளை வைக்கல.

இன்னிக்கு காலைல ஹெச்ஓடி கூப்பிட்டு, 2022ல ஒரு கிராமத்துல 5 நாள் கேம்ப் போட்டோமே, பஞ்சாயத்துல இருந்து ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தாங்களே, அது வேணும்னாரு. 5 வருஷத்துக்கு ஆதாரம் சேர்க்கிற வேலை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, லெட்டர் ஒரே பக்கம், 1.2 எம்பி. பெரிய மெயில் மட்டும் தானே அழிச்சேன், அது சின்னது, இருக்கும்னு தைரியமா தேடினா இல்ல. ஆல் மெயில்ல இல்ல. எங்கயும் இல்ல.

அரை மணி நேரம் கழிச்சு தான் உறைச்சுது. ஜிமெயில் மெயிலை எல்லாம் உரையாடலா கட்டி வைக்கும். கேம்ப் படம் பார்ட் 1, 22 எம்பி. அதே மெயிலுக்கு ரிப்ளையா அந்த ஊர்க்காரர் லெட்டரை அனுப்பியிருக்காரு. லார்ஜர் 10னு தேடறப்ப கட்டுல ஒரு மெயில் பெருசா இருந்தாலும் கட்டு வரும், டிக் பண்ணி அழிச்சா கட்டே போகும். பெருசோட சேர்ந்து சின்னதும் போச்சு. இதை நான் உங்களுக்கு சொல்லல, எனக்கே தெரியல. செட்டிங்ல கான்வர்சேஷன் வியூன்னு இருக்கு, அதை ஆஃப் பண்ணிட்டு தான் இந்த வேலையில இறங்கணும். என் 7ஆம் தேதி குறிப்பைப் பாத்து யாராவது செஞ்சிருந்தா மன்னிச்சுடுங்க, இன்னிக்கே போய் பின்னைப் பாருங்க.

30 ஜூன், இரவு 8.15

சிஸ்டம் அட்மின் தம்பிகிட்ட ஓடினேன். நல்ல பையன், சத்தம் போடல. பின்ல இருந்து காலி பண்ணின நாள்ல இருந்து 25 நாளைக்குள்ள அட்மின் கன்சோல்ல திரும்பக் கொண்டுவர முடியுமாம், அதுக்கு அப்புறம் கடவுளால கூட முடியாதாம். நான் காலி பண்ணது 7. இன்னிக்கு 23ஆவது நாள். "ரெண்டு நாள் இருக்கு மேடம், டீ குடிங்க"ன்னாரு. டீ இறங்கல.

1 ஜூலை, இரவு 9.00

வந்துடுச்சு. லெட்டர் வந்துடுச்சு, ஹெச்ஓடிக்கு அனுப்பியாச்சு.

ஆனா அட்மின் கன்சோல்ல ஒரு மெயிலை மட்டும் பொறுக்கி எடுக்க வழி இல்ல. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் அழிச்சதுன்னு கொடுத்தா அந்த இடைவெளியில அழிச்சது மொத்தமும் திரும்ப வரும். மரம் பார்ட் 1 வந்துச்சு. மரம் பார்ட் 2 வந்துச்சு. ஊதா சீல் சர்க்குலர் மூணு காப்பியும் வந்துச்சு. தண்டர்பேர்டு செஞ்ச குட்டிகளும் அதோட அம்மாக்களும் சேர்ந்தே வந்துச்சு.

87%.

வீட்டுக்காரர் எதுவும் சொல்லல, சிரிச்சார்.

5 ஜூலை, சனி

ரெண்டாவது ரவுண்டு. இந்தத் தடவை அவசரப்படல.

முதல்ல கான்வர்சேஷன் வியூ ஆஃப். அப்புறம் "வச்சுக்கோ"ன்னு தமிழ்லயே ஒரு லேபிள் போட்டேன். ஃபைல் இருக்கிற மெயில்ல லெட்டர், ஆர்டர், சர்டிஃபிகேட்னு வார்த்தை போட்டுத் தேடி, கண்ணால பாத்து, வேணும்னா லேபிள் குத்தினேன். இதுக்கே ரெண்டு சாயங்காலம் ஆச்சு. அப்புறம் பெரிய மெயில் தேடறப்ப, அந்த லேபிள் இருக்கிறதை விட்டுடுன்னு மைனஸ் குறி போட்டு, லேபிள், கோலன், வச்சுக்கோ. மிச்சம் வந்ததை தான் அழிச்சேன். பின்னை நானா காலி பண்ணல. 30 நாள் அங்கயே கிடக்கட்டும், இடம் இப்பவே வேணும்னு எந்த அவசரமும் இல்ல எனக்கு. அது தானா போன பிறகும் அட்மின்கிட்ட 25 நாள் இருக்கு, ஆக 55 நாள். அதுக்குள்ள ஹெச்ஓடி என்ன கேக்கணுமோ கேட்டுக்கட்டும்.

2ஆம் தேதி ஜூன்ல "பின்னை உடனே காலி பண்ணுங்க"ன்னு நான் எழுதினது 99% ஆகி மூச்சு முட்டறவங்களுக்கு மட்டும். மத்தவங்க விட்டுடுங்க. கதவுக்குப் பின்னாடி குப்பை இருக்கறதுலயும் ஒரு நன்மை இருக்கு, மோதிரம் தொலைஞ்சா தேடலாம்.

தம்பி ஒண்ணு கேட்டாரு, கைக்காசு போட்டு இந்த ஐடிக்கு இடம் வாங்கிக்கலாமான்னு. முடியாது. கூகுள் ஒன் நம்ம சொந்த ஐடிக்கு தான், காலேஜ் ஐடிக்கு கிடையாது. முடிஞ்சாலும் வாங்காதீங்க. காலேஜ் வேலைக்கு சாக்பீஸ் கூட நாம வாங்கிட்டு வந்து பழகினதால தான் இப்படி கேக்கத் தோணுது.

9 ஜூலை, இரவு 11.30

தூக்கம் வரல, இன்னொண்ணு.

இந்தப் பெட்டி நம்மோடது இல்லங்கறது எனக்கு 30ஆம் தேதி அன்னிக்கு அட்மின் தம்பி ஸ்கிரீன்ல என் பேரை டைப் பண்ணப்ப தான் தெரிஞ்சுது. ஒரு வரிசையில ஒரு பேர், பக்கத்துல சஸ்பெண்ட், டெலீட்னு பட்டன். முன்னாடி வேலை பாத்த காலேஜ்ல நான் ரிசைன் பண்ண மறுநாளே லாகின் போச்சு. அந்த ஐடியைத் தான் 3 பேப்பர்ல கரெஸ்பாண்டிங் ஆத்தர்னு கொடுத்திருந்தேன், இன்னிக்கும் யாராவது அதுக்கு எழுதினா எனக்கு வராது. ஆர்க்கிட் (ஆராய்ச்சி பண்றவங்களுக்கான அடையாள எண்) கணக்கும் அந்த ஐடியில தான் இருந்துச்சு. அதுக்கு அப்புறம் தான் ஆர்க்கிட்ல சொந்த மெயிலையும் ரெண்டாவதா சேர்த்து வைக்கிற புத்தி வந்துச்சு. நீங்க 4 வருஷ சர்வீஸ், மாறத்தான் போறீங்க. பேங்க், பான், ஆதார் ஃபோட்டோ காப்பி, வீட்டு வாடகை ரசீது இதெல்லாம் காலேஜ் மெயில்ல இருந்தா இப்பவே எடுத்துடுங்க. எனக்கு இருந்துச்சு. எல்ஐசி ரசீது 6 வருஷத்துது.

12 ஜூலை, சனி, இரவு 10.20

தம்பி 58%க்கு வந்துட்டேன்னு எழுதியிருக்காரு. அவருக்கு மெயில் கூட இல்லயாம், டிரைவ்ல மீட் ரெக்கார்டிங்ஸ்னு ஒரு ஃபோல்டர், லாக்டவுன்ல எம்இ படிக்கிறப்ப அதே காலேஜ் ஐடியில ரெக்கார்ட் பண்ணது, 3 ஜிபிக்கு மேல. அதுல ஒண்ணு 1 மணி 50 நிமிஷம், மீட்டிங் முடிஞ்சும் யாரும் ஆஃப் பண்ணாம வெறும் காலி ஸ்கிரீன், பின்னாடி குக்கர் விசில் மட்டும் கேக்குதாம். 14 ஆயிரம் மெயிலைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

எனக்கு பின் தானா காலியானதும் 61%க்கு வரும், முன்னாடி எடுத்ததை விட 9 குறைவு, பரவால்ல. இன்னிக்கு டேக்அவுட் போட்டேன், அதாவது மெயில் மொத்தத்தையும் ஒரு காப்பி இறக்கி வைக்கிறது. சில காலேஜ்ல அட்மின் அதை மூடி வச்சிருப்பாங்க, எங்ககிட்ட திறந்திருக்கு. 2 ஜிபி துண்டா கேட்டேன், 3 துண்டு வந்துருக்கு. எம்பாக்ஸ்னு ஒரே ஃபைல் வகை, அதைத் திறந்து படிக்க மறுபடி தண்டர்பேர்டு தான் வேணும், சமாதானம் ஆயிட்டோம். மெயிலுக்குள்ள ஃபைலை எல்லாம் எழுத்தா மாத்தித் தான் வைப்பாங்க, 3 பைட்டுக்கு 4 எழுத்து வீதம், அதனால அதுவே மூணுல ஒரு பங்கு பெருத்துத் தெரியும், பயந்துடாதீங்க.

டவுன்லோடு லிங்க் ஒரு வாரம் தான் உயிரோட இருக்கும். ரெண்டாவது துண்டு 71%ல ஓடிட்டிருக்கு. வெளில இடி இடிக்குது, கரன்ட் போகாம இருந்தா சரி.